லிஃப்ட் இல்லை என்பதை முதல் வரியில் எழுதுங்கள்

நான் வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட். மூன்றாவது மாடி வீடு ஒன்றை விற்பனைக்கு எடுத்திருந்தேன். நல்ல வீடு. காற்று, வெளிச்சம், அகலமான பால்கனி, எல்லாவற்றையும் விளம்பரத்தில் எழுதினேன். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். "முதலில் பார்ட்டியை வரவழைத்துவிடு, வந்து பார்த்தால் பிடித்துவிடும்" என்றுதான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னார்கள். ஒரு குடும்பம் வந்தது. கூடவே முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகன் என்னைத் திட்டவில்லை. "இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நம் தொழிலில் மார்க்கெட்டிங் என்றாலே இன்னும் நாலு போஸ்டர், காசு கட்டி விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் பூஸ்ட், இன்னொரு ரீல்ஸ் என்றுதான் பேசிக்கொள்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. நாம் இருப்பது மக்களுக்கு நன்றாகவே தெரியும். நாம் சொல்வதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தின் சுமார் 1,00,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்ட்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். விலை கொஞ்சம் ஏறினால் ஓனருக்குப் பெரிய தொகை. கமிஷனில் நமக்கு ஏறுவது துளி. அதனால் அடுத்தவர் வீடென்றால் சீக்கிரம் முடித்துவிடக் கை பரபரக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னையே பார்த்துச் சொன்னது போல இருந்தது.

அப்புறம்தான் விளம்பரம் எழுதும் முறையை மாற்றினேன். வீட்டை எடுக்கும்போதே ஓனரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்த வீட்டை விட்டுப் போனால் எந்தத் தொல்லை உங்களுக்கு விடும்?" சாலை இரைச்சல், மதியத்துக்கு மேல் அனலாகும் மேற்குப் பக்க அறை, ஒரு கார் மட்டுமே நிறுத்த முடிகிற இடம் என்று ஏதாவது ஒன்று வரும். அதை விளம்பரத்தில் மேலேயே எழுதுகிறேன். ஓனர்கள் முதலில் கோபப்படுவார்கள். "என் வீட்டை நீயே குறை சொன்னால் யார் வாங்குவார்?" என்பார்கள். நான் வாதாடுவதில்லை. இதே குறையுள்ள வீடுகளை முன்பு வந்து பார்த்துப்போனவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எதைப் பார்த்ததும் திரும்பினார் என்று காட்டுகிறேன். பெரும்பாலும் எல்லாரும் அந்த ஒரே காரணத்துக்காகத்தான் திரும்பியிருப்பார்கள். மறைத்து வைத்ததால் அவர்களுக்கும் நமக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம் வீண்.

போட்டோவிலும் இதே கதைதான். போனில் 0.5 என்று வரும் லென்ஸால் எடுத்தால் சின்ன அறை கூட மண்டபம் மாதிரி தெரியும், ஓரத்தில் இருக்கும் கட்டில் இழுபட்டு நீளும். வருகிறவர் கதவைத் திறந்ததும் முகம் வாடிவிடும். நான் இப்போது சாதாரண லென்ஸிலேயே, நெஞ்சு உயரத்தில் போனை நேராகப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் எடுக்கிறேன். கூடவே அறை அளவுகளோடு வீட்டின் உள்ளமைப்பைக் காட்டும் ஒரு வரைபடம். கையால் வரைந்ததாக இருந்தாலும் போதும். தன் கட்டிலும் பீரோவும் அங்கே நிற்குமா என்றுதான் வாங்குபவர் மனக்கணக்குப் போடுகிறார்.

அடுத்தது பதில் சொல்லும் வேகம். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டு விற்பனையை மட்டும் பற்றியது இல்லை, ஆனாலும் நமக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்காவில் 2,241 நிறுவனங்களுக்கு இணையவழி விசாரணை அனுப்பிப் பார்த்ததில் 23 சதவீத நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. விசாரணை வந்த ஒரு மணி நேரத்துக்குள் அழைத்தவர்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கும் ஆளோடு உருப்படியாகப் பேச ஏறக்குறைய 7 மடங்கு வாய்ப்பு இருந்ததாம். விளம்பரத்துக்குக் காசு கொட்டிவிட்டு, வந்த அழைப்பை மாலை வரை அப்படியே விட்டுவைப்பது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. சைட் விசிட்டில் இருந்தால் "3 மணிக்கு அழைக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புவேன். 3 மணிக்கு அழைத்தும் விடுவேன்.

ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பற்றி ஒரு சின்ன விஷயம். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். யார் யாரோ எண்களை வாங்கிப் பட்டியல் போடுவதில் பயன் இல்லை. வீட்டு வியாபாரம் முடிந்த பிறகும் நம் எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறார்களே, அவர்கள்தான் நம் பட்டியல்.

சரி, அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வருகிறேன். ஓனரைச் சம்மதிக்க வைத்து, "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, 54 படிகள்" என்று முதல் வரியாகப் போட்டேன். அழைப்புகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஓனருக்குக் கவலை, உள்ளுக்குள் எனக்கும்தான். இரண்டு வாரம் கழித்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மேலே வந்து மூச்சு வாங்கினார்கள், படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய் பால்கனிக் கதவைத் திறந்தார்கள்.