ஆர்.சி.யில் எண் பொருந்திவிட்டால் அது ஒரிஜினல் இன்ஜின் ஆகிவிடுமா?

பழைய கார் விற்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். "கம்பெனி இன்ஜின் சார், நம்பரைப் பாருங்க, புக்குல இருக்கிறபடியே இருக்கு." கிருஷ்ணகிரியில் பெங்களூர் சாலை ஓரத்து ஷெட்டுகளிலும் இதுதான், தர்மபுரியில் தரகர்கள் வாயிலும் இதுதான். ஆர்.சி. எனும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் எண்ணும், இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போனால், அந்த எண் அந்த வண்டியின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இதே இன்ஜின்தான் உள்ளே இருந்தது என்பதற்கு அது சாட்சியே ஆகாது. இதைச் சொன்னால், விலையைக் குறைக்க நான் ஏதோ சாக்குத் தேடுவதாகக் கோபப்படுகிறார்கள்.

நம் பகுதியில் இன்ஜின் மாறாத பழைய வண்டி கிடைப்பதே அரிது. அதற்குக் காரணமும் நமக்குத் தெரியும். வாடகைக்கு ஓடிய அம்பாசிடர்கள் ஆள் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கியே தேய்ந்தவை. பெட்ரோல் செலவு தாங்காமல் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றியவர்கள் ஏராளம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைப்பாதையில் ஓடிய ஜீப்புகளின் கதையும் அதுதான். குடும்பம் பிழைக்க வண்டி ஓடியாக வேண்டும் என்பதற்காகச் செய்த அந்த வேலையை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். மாற்றியதை மறைத்து, ஒரிஜினலுக்கு உரிய விலையைக் கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1968-ஆம் ஆண்டின் மார்க் 2 மாடல் அம்பாசிடரில் டீசல் இன்ஜினை வைத்துக்கொண்டு, "அப்பவே கம்பெனியில டீசலாத்தான் வந்துச்சு" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். அம்பாசிடரில் டீசல் வந்ததே பின்னால் வந்த மார்க் 4 மாடல் காலத்தில்தான்.

இன்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் சொல்கிறது. அதன்படி நடந்தவர்களின் பழைய புத்தகத்தில் பின்பக்கம் ஒன்றில் புதிய எண்ணும் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். வண்டியின் வரலாற்றைச் சொல்லும் அந்தப் பக்கத்தைத்தான் நம்மவர்கள் தொலைக்கிறார்கள். ஸ்மார்ட் கார்டு கைக்கு வந்ததும், நைந்துபோன புத்தகம் எதற்கு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கார்டில் இன்றைய எண் மட்டும்தான் இருக்கிறது. முந்தைய எண் என்ன, எப்போது மாறியது என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியவில்லை, அவருக்கு விற்றவருக்கும் தெரியவில்லை.

இதைவிட மோசமானது, பதிவு அலுவலகத்துக்கு அலைய மனமில்லாமல் வேறொரு பிளாக்கின் மேல் பழைய எண்ணையே பஞ்ச் எனப்படும் எண் பொறிக்கும் உளியால் அடித்து வைக்கும் வழக்கம். அண்மையில் நான் பார்த்த ஒரு வண்டியில் எண் ஆர்.சி.யோடு அச்சாகப் பொருந்தியது. பெட்ரோலில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் எந்திரத்தால் சீவிய பரப்பில் கோடுகள் ஒரே திசையில் சீராக ஓடும். இங்கே எண்களுக்கு அடியில் கிரைண்டர் சுழன்ற வளைகோடுகள் தெரிந்தன. எண்கள் இருந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிடச் சற்றே பள்ளமாக இருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் மற்றவற்றைவிட ஆழமாக விழுந்திருந்தன. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலேயே கையால் எண் அடித்ததுண்டு என்பதால், எண் கோணலாக இருப்பதை மட்டும் வைத்து யாரையும் நான் குற்றம் சொல்வதில்லை. ஆனால் எண்ணுக்கு அடியிலேயே கிரைண்டர் தடம் இருந்தால் அதற்கு வேறு என்ன விளக்கம் இருக்க முடியும்? "பெயிண்டுக்காகத் தேய்ச்சிருப்பாங்கண்ணா" என்றார் தரகர். பெயிண்டுக்காகத் தேய்த்திருந்தால் எண்தான் தேய்ந்திருக்கும், தேய்த்த தடத்தின் மேல் எண் எப்படி வந்து உட்காரும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பஞ்ச் உளியால் அடித்த எண்ணைப் போலச் சுலபமாக மாற்ற முடியாதது வார்ப்பு எண். பிளாக்கை வார்க்கும்போதே புடைத்து நிற்கும் எழுத்துகள் அவை. வார்ப்பு எண் அந்த வகைப் பிளாக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. ஆனால் பல நிறுவனங்கள் அதன் அருகிலேயே வார்த்த தேதியையும் குறித்திருக்கும். பிளாக்கை வார்த்து, கடைந்து, இன்ஜினாகக் கோத்த பிறகுதான் அது காரில் ஏறும் என்பதால், வார்ப்புத் தேதி கார் தயாரான தேதிக்குச் சில வாரங்களோ மாதங்களோ முந்தியதாக இருக்க வேண்டும். கார் பிறந்த பிறகு வார்த்த பிளாக் என்றால் பேச்சுக்கே இடமில்லை. இந்தக் குறியை ஒட்டடையோடு, எண்ணெய்ப் பிசுக்கோடு விட்டு வைத்திருந்தால்கூடப் போதும், துடைத்துப் படித்துக்கொள்ளலாம். அதன் மேல் தடிமனாகச் சில்வர் பெயிண்டை ஊற்றி, "புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்று பெருமைப்படுகிறார்கள்.

போர் பண்ணியது (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியது), லைனர் போட்டது (சிலிண்டருக்குள் புதிய உறை செருகியது), ஹெட் ஃபேசிங் செய்தது (இன்ஜினின் மேல்மூடியைச் சீவிச் சமமாக்கியது) ஆகியவற்றால் ஓர் இன்ஜின் தன் ஒரிஜினல் தகுதியை இழந்துவிடாது. பிளாக் அதுவேதான் என்றால் இன்ஜினும் அதுவேதான். இந்த வேறுபாடு புரியாமல், போர் பண்ணிய நேர்மையான இன்ஜினைக் கழித்துப் பேசுகிறவர்களும் எண் மாற்றிய பிளாக்கைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களும் ஒரே சந்தையில்தான் இருக்கிறார்கள்.

இது வீண் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதியைப் படித்துப் பார்க்கட்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி, சேஸிஸ் எனும் அடிச்சட்டத்திலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் மூல வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டு செல்லும். தரகர் பேச்சை நம்பி லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர், அங்கே இன்ஜின் வேறு என்று தெரியவரும்போது யாரிடம் போய் நிற்பார்? பிரிட்டனில் கேடன் ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகம், தன்னிடம் உள்ள பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, இந்தச் சேஸிஸோடு வெளியே போன இன்ஜின் எண் இது என்று சான்றிதழே எழுதித் தருகிறது. இங்கே நமக்கு வாய்த்திருக்கும் பதிவேடு அந்தப் பழைய ஆர்.சி. புத்தகமும் பிளாக்கின் இரும்பும்தான்.

ஆகவே விற்பவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய புத்தகத்தை எல்லாப் பக்கங்களோடும் எடுத்து வையுங்கள்; இன்ஜின் மாறியிருந்தால் எந்த ஆண்டு, எதற்காக என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேளுங்கள், பேரம் பேசாமல் தருகிறேன். பட்டறை அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன்: பெயிண்ட் அடிக்கும் முன் எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டுங்கள், கிரைண்டரை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உரிமையாளரே வந்து நின்று பழைய எண்ணை அடித்துத் தரச் சொன்னாலும் பஞ்ச் உளியைக் கையில் எடுக்காதீர்கள்.