வில்லியம் ஹெய்ன்ஸின் இரண்டாவது தொழில்

ஹாலிவுட்டின் மௌனப்பட நாயகர்களில் ஒருவரான வில்லியம் ஹெய்ன்ஸைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நகர்கிறது. நடிகராகப் புகழின் உச்சியில் இருந்தார், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்து வாழ மறுத்தார், எம்.ஜி.எம். நிறுவனத்தின் அதிபர் லூயி பி. மேயர் அவரை வெளியேற்றினார். பிறகு பிழைப்புக்கு வழி தேடி வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்யும் தொழிலில் இறங்கி, அதிலும் வென்று காட்டினார். கேட்பதற்கு உருக்கமாக இருக்கும் இந்தக் கதை, ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது நிற்பதில்லை. வெளியேற்றப்பட்ட பிறகு அவர் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. வெளியேற்றப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கடை திறந்துவிட்டார். சிறிய திருத்தம்போலத் தோன்றும் இது, அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை நாம் புரிந்துகொள்ளும் விதத்தையே மாற்றிவிடுகிறது என்று நான் கருதுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1900 ஜனவரி 2 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டாண்டன் நகரில் பிறந்த ஹெய்ன்ஸ், பதினான்கு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடிப்போனவர். ஹோப்வெல் என்னும் ஊரில் டுபாண்ட் ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் பின்னர் நியூயார்க் சென்றார். 1922இல் கோல்ட்வின் படநிறுவனம் நடத்திய புதுமுகத் தேர்வில் வென்றதால் ஹாலிவுட்டுக்கு அழைக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் அந்த நிறுவனம் இணைப்பு ஒன்றின் வழியாக எம்.ஜி.எம். ஆகிவிட்டது. 1926இல் வெளிவந்த 'ப்ரௌன் ஆஃப் ஹார்வர்ட்' அவரை நட்சத்திரமாக்கியது. வாய்த்துடுக்கும் குறும்பும் மிகுந்த கல்லூரி இளைஞன், ஊரையே சீண்டிவிட்டு, கடைசியில் அடிபட்டுத் திருந்தி, விளையாட்டுப் போட்டியிலோ காதலிலோ வெல்பவன்: இதுதான் அவருக்கு வாய்த்த வேடம், இதையே படத்துக்குப் படம் அவர் செய்ய நேர்ந்தது. 1928இல் கிங் விடோர் இயக்கத்தில் மேரியன் டேவிஸுடன் அவர் நடித்த 'ஷோ பீப்பிள்' மட்டும் இன்றைக்குப் பார்த்தாலும் புத்துணர்வோடு இருக்கிறது. சொல் இல்லாத படத்தில் ஒரு முகம் எத்தனை விரைவாக மனநிலை மாற முடியும் என்பதை அறிய விரும்புபவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பேசும்படம் வந்ததால் வீழ்ந்த நடிகர்களின் பட்டியலிலும் சிலர் இவரைச் சேர்த்துவிடுகிறார்கள். அதுவும் சரியன்று. சில பகுதிகளில் மட்டும் பேச்சு ஒலிக்கும் படமாக எம்.ஜி.எம். முதன்முதலில் வெளியிட்ட 'ஏலியாஸ் ஜிம்மி வேலன்டைன்' ஹெய்ன்ஸ் நடித்த படம்தான். அவருடைய குரல் ஒலிவாங்கிக்கு நன்றாகவே பொருந்தியது. 1930ஆம் ஆண்டில் திரையரங்கு உரிமையாளர்களிடையே எடுக்கப்பட்ட கணிப்பில் ஆண் நடிகர்களுள் வசூலில் முதலிடம் அவருக்கே கிடைத்தது.

அதே 1930ஆம் ஆண்டில்தான் அவர் மிட்செல் ஃபாஸ்டர் என்பவருடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லா ப்ரியா சாலையில் பழம்பொருள் கடை ஒன்றைத் தொடங்கினார். வசூலில் முதலிடத்தில் இருக்கும் நடிகர் ஒருவர் பழைய மேஜைகளும் பீங்கான் சாடிகளும் விற்கும் கடையில் பணத்தையும் நேரத்தையும் ஏன் போட வேண்டும்? கடை வருமானம் தேவைப்பட்ட நிலையில் அப்போது அவர் இல்லை. அந்தப் பொருள்கள்மீது அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. தம் வீட்டை அவர் அமைத்திருந்த விதத்தைக் கண்டு வியந்த நண்பர்கள், தங்கள் வீட்டையும் அப்படி மாற்றித்தரும்படி கேட்கத் தொடங்கினார்கள். அப்படி முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஜோன் கிராஃபோர்ட். இருபதுகளில் அவருடன் ஒரே நிறுவனத்தில் வளர்ந்த நடிகை, வாழ்நாள் முழுதும் நீடித்த தோழி.

1926இல் நியூயார்க்கில் சந்தித்த ஜிம்மி ஷீல்ட்ஸுடன் ஹெய்ன்ஸ் ஒரே வீட்டில் வாழ்ந்துவந்தது ஹாலிவுட்டில் யாருக்கும் தெரியாத செய்தியன்று. 1933இல் மேயர் கெடு விதித்தார் என்பதே அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுவது: ஷீல்ட்ஸை விட்டுவிட்டு ஊருக்குக் காட்ட ஒரு பெண்ணை மணந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. ஹெய்ன்ஸ் ஷீல்ட்ஸுடன் இருந்துவிட்டார். அந்நேரத்தில் அவருடைய படங்களின் வசூல் சரிந்துகொண்டிருந்தது என்பதையும், முப்பதைத் தாண்டிய ஒருவர் கல்லூரி மாணவனாக நடிப்பது எடுபடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வசூல் மன்னனாகவே நீடித்திருந்தால் மேயரின் ஒழுக்கம் இவ்வளவு கறாராக இருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. மாஸ்கட் என்னும் சிறிய நிறுவனத்துக்காக 1934இல் இரண்டு படங்கள் நடித்தார். அதோடு நடிப்பு முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் படங்களுக்கான ஒழுக்க விதிகள் கடுமையாக அமலுக்கு வந்தன.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஹெய்ன்ஸின் மறுப்பைத் துணிச்சல் என்று போற்றுவதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அந்தத் துணிச்சலுக்குக் கீழே ஒரு கடை இருந்தது, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், நாளைக்கும் அடுப்பு எரியும் என்ற உறுதி இருந்தது. அதே காலத்தில் அதே நெருக்கடிக்கு ஆளான வேறு பலருக்கு நடிப்பைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு, குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தவர்கள் நிறுவனம் சொன்னபடி மணம் செய்துகொண்டு வாழ்நாளை ஒப்பேற்றினார்கள். ஹெய்ன்ஸைப் புகழும் மூச்சிலேயே அவர்களைக் கோழைகள் என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. கையில் இன்னொரு தொழில் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே கெடு ஒரே கனத்தில் இறங்குவதில்லை.

நிறுவனத்தை விட்டதும் எல்லாம் இனிமையாகிவிடவும் இல்லை. 1936இல் எல் போர்ட்டோ கடற்கரையில் அவரையும் ஷீல்ட்ஸையும் ஒரு கும்பல் அவர்களுடைய வீட்டிலிருந்து இழுத்துப்போட்டு அடித்து, ஊரைவிட்டு விரட்டியது. அக்கம்பக்கத்தார் சுமத்திய குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்காமல் வழக்குக் கைவிடப்பட்டது. அடித்தவர்கள்மீதும் நடவடிக்கை இல்லை. கிராஃபோர்டு உள்ளிட்ட நண்பர்கள் வேலையைத் தொடரும்படி அவரை வற்புறுத்தினார்கள், அவரும் தொடர்ந்தார்.

அந்த வேலையைப் பற்றி இங்கு போதுமான அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அவர் தொடங்கிய காலத்தில் ஹாலிவுட் பணக்காரர்களின் வீடுகள் பெரும்பாலும் கரிய மரமும் இரும்புக் கம்பி வேலைப்பாடும் கனத்த திரைச்சீலைகளும் கொண்ட ஸ்பானிய பாணியில் இருண்டு கிடந்தன. ஹெய்ன்ஸ் அவற்றுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். வெள்ளைச் சுவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மேஜை நாற்காலிகள், கையால் வரைந்த சீனச் சுவர்த்தாள், விளக்காக மாற்றப்பட்ட கீழைநாட்டுப் பீங்கான் சாடிகள்: இவற்றை ஒரே அறையில் சண்டையின்றி இருத்தத் தெரிந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய பிறகு அவருடைய பாணி இன்னும் நவீனமாகி, அறைக்கலன்களைத் தாமே வடிவமைப்பதில் கவனம் குவிந்தது. வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை அளவெடுத்துச் செய்யப்பட்ட பொருள்கள் அவை.

அவருடைய நாற்காலிகளைப் படத்திலாவது உற்றுப் பார்க்க வேண்டும். இருக்கை வழக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கும், முதுகும் குட்டை, தோல் அல்லது துணி உறையில் பொத்தான்கள் வரிசையாக இறுகத் தைத்துச் சிறு சிறு மெத்தைகளாக்கப்பட்டிருக்கும், கால்கள் மெலிந்திருக்கும். இருக்கை தாழ்ந்தால் கூரை உயர்ந்துவிடுகிறது. குட்டை முதுகு பார்வையை மறைக்காததால் அறையின் மறுகோடி வரை கண் தடையின்றிப் போகிறது. நாற்காலி சிறிதாகவும் இலேசாகவும் இருப்பதால், விருந்துக்கு வந்தவர் அதை இழுத்துப்போட்டுக்கொண்டு யாரோடு பேச விரும்புகிறாரோ அவரருகே உட்கார்ந்துவிடலாம். ஒரு மனிதர் எப்படி உட்கார்ந்தால் அழகாகத் தெரிவார், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் முகம் எடுக்கும் என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் படப்பிடிப்பு அரங்கில் நின்று கற்றவரின் கணக்கு இது என்றே நான் நம்புகிறேன். அந்த வகையில் அவர் மௌனப்படத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை.

அவரை அழைத்தவர்கள் யார் என்று பாருங்கள். நடிகை கரோல் லொம்பார்ட், இயக்குநர் ஜார்ஜ் கியூகர் முதலிய நண்பர்கள் அழைத்ததில் வியப்பில்லை. ஆனால் வார்னர் பிரதர்ஸ் அதிபர் ஜாக் வார்னரும் தம் பெவர்லி ஹில்ஸ் மாளிகையை அவரிடமே ஒப்படைத்தார். திரையில் ஹெய்ன்ஸின் நிழல்கூட விழக் கூடாது என்றிருந்த ஓர் ஊரின் முதலாளிகள், தாங்கள் உண்ணும் அறையையும் உறங்கும் அறையையும் எப்படி அமைப்பது என்று அவரிடமே கேட்டார்கள். அவர் யாருடன் வாழ்கிறார் என்பது அவர்களுக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் கூட்டத்துக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பது ஒன்றே அவர்களுடைய அக்கறை. ஒழுக்கம் என்ற பெயரில் நடந்தது முழுக்க வணிகக் கணக்கு என்பதற்கு வார்னரின் வீட்டைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

1950இல் வெளிவந்த 'சன்செட் புலவார்ட்' படத்தில் சிறு வேடத்தில் தோன்றும்படி அதன் நாயகியும் தோழியுமான குளோரியா ஸ்வான்ஸன் அழைத்தபோதும் ஹெய்ன்ஸ் மறுத்துவிட்டார். பழைய மௌனப்பட நட்சத்திரங்கள் தங்கள் சிதைவைத் தாங்களே நடித்துக்காட்டிய படம் அது. அவருக்கு அங்கே வேலை இல்லை, அவர் சிதையவில்லை. அறுபதுகளில் பத்திரிகை அதிபர் வால்டர் அன்னன்பர்க் தம்பதியருக்காகக் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ மிராஜில் 'சன்னிலேண்ட்ஸ்' மாளிகை எழுந்தபோது, கட்டடத்தை ஏ. குவின்சி ஜோன்ஸ் வடிவமைக்க, உள்ளே இருப்பதை ஹெய்ன்ஸும் அவருடைய கூட்டாளி டெட் கிரேபரும் அமைத்தார்கள். 1969இல் அன்னன்பர்க் பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதரானதும், லண்டனில் உள்ள தூதரின் இல்லமான வின்ஃபீல்டு ஹவுஸையும் இவர்களே புதுப்பித்தார்கள். பின்னர் 1981இல் ரீகன் தம்பதியர் வெள்ளை மாளிகையில் தங்கள் குடியிருப்பை மாற்றியமைக்க அழைத்தது அதே கிரேபரைத்தான்.

ஹெய்ன்ஸ் 1973 டிசம்பர் 26 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஷீல்ட்ஸ் சில மாதங்களே தாங்கினார். தனிமையைப் பொறுக்க முடியவில்லை என்று எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஹாலிவுட்டிலேயே மிக மகிழ்ச்சியான மணவாழ்க்கை இவர்களுடையதுதான் என்று கிராஃபோர்டு ஒருமுறை சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நடிகராக அவருக்கு வாய்த்தவை ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள். வடிவமைப்பாளராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல். ஆனாலும் கலைக்களஞ்சியங்கள் அவரை முதலில் நடிகர் என்றும், பிறகு ஒரு காற்புள்ளி வைத்து மற்றதையும் எழுதுகின்றன. திரைப்பட வரலாறு எழுதுபவர்கள் 1934இல் அவரைக் கைவிடாமல் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கும் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சன்னிலேண்ட்ஸ் 2012 முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் செல்லும் நண்பர்கள் மாளிகையின் உள்ளே போகும் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள்; தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஹெய்ன்ஸின் வேலை கண்ணில் படாது.