ஸ்பிளிட்-சைட் புலமைப்பரிசில்: பட்டம் தருவது யார்?

தம்பி, “பொதுநலவாய ஸ்பிளிட்-சைட் புலமைப்பரிசில் கிடைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதி ஆய்வுக்கான பதிவை விட்டுவிடலாம், பிரித்தானியாவின் கலாநிதிப் பட்டமே கிடைக்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இதை நம்பி யாராவது பதிவை இரத்துச் செய்தால் விண்ணப்பிக்கும் தகுதியே போய்விடும்.

ஸ்பிளிட்-சைட் என்றால் ஆய்வை இரண்டு இடங்களில் செய்வது. இந்தப் புலமைப்பரிசில் பொதுநலவாய நாடுகளில் ஏற்கெனவே கலாநிதி ஆய்வு செய்பவர்களுக்கானது. பிரித்தானியாவில் 12 மாதம் வரை இருக்கலாம், இரண்டு பக்கமும் மேற்பார்வையாளர் உண்டு. ஆனால் பட்டத்தைத் தருவது நம் பல்கலைக்கழகம்தான். பிரித்தானியாவில் ஆகும் கட்டணம், விமானச் செலவு, வாழ்க்கைப்படி எல்லாம் பிரித்தானிய அரசின் அபிவிருத்தி நிதியில் வருகிறது. அதனால்தான் ஆய்வு சொந்த நாட்டுக்கு எப்படிப் பயன்படும் என்று விண்ணப்பத்தில் காட்டச் சொல்கிறார்கள்.

உதாரணத்துக்கு, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று சுண்ணாம்புக்கல் வழியே நிலத்தடி நீரில் இறங்குவதை ஒரு மாணவி ஆராய்கிறாள் என்று வையுங்கள். மாரியிலும் கோடையிலும் இங்கே தண்ணீர் மாதிரி எடுப்பாள். அப்புறம் பிரித்தானிய ஆய்வுகூடத்தில் சமதானிப் பகுப்பாய்வு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின் விகிதத்தை அளப்பது) செய்து, நைத்திரேற்று உரத்திலிருந்து வந்ததா மலசலக் குழியிலிருந்து வந்ததா என்று பிரித்தறியலாம். திரும்பி வந்து இங்கேயே ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பாள். எவ்வளவு பெரிய வாய்ப்பு!

தயவுசெய்து நீங்கள் எழுதியதைத் திருத்திவிடுங்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.