கதாபாத்திரம் பேசியதற்குத் தண்டனை பெற்ற வேட்பாளர்

நாவலாசிரியர் அப்டன் சிங்க்ளேர் 1934இல் கலிஃபோர்னியாவின் ஆளுநர் தேர்தலில் தோற்றதை, ஹாலிவுட்டின் பணபலம் ஒரு நல்லவரைச் சாய்த்த கதையாகவே இடதுசாரி நண்பர்கள் சொல்லிவருகிறார்கள். (அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம்மூரைப் போல டெல்லியிலிருந்து அனுப்பிவைப்பதில்லை.) எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

பெருமந்தம் எனப்பட்ட அன்றைய பொருளாதார வீழ்ச்சியில் மூடிக்கிடந்த ஆலைகளையும் தரிசாகக் கிடந்த நிலங்களையும் அரசே எடுத்து வேலையற்றோரிடம் ஒப்படைத்தால், அவர்கள் தமக்கு வேண்டியதைத் தாமே விளைவித்தும் செய்தும் பிழைத்துக்கொள்வார்கள் என்பதும், 60 வயதைக் கடந்த ஏழைகளுக்கு மாதம் 50 டாலர் ஓய்வூதியம் என்பதும் அவருடைய திட்டம். நீண்டகாலச் சோசலிஸ்டான அவர் ஜனநாயகக் கட்சிக்கு மாறி, அக்கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் முதற்கட்டத் தேர்தலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்றதும் பணக்காரர்களுக்குக் கிலி பிடித்தது.

அதன் பிறகு நடந்தவை அநியாயம்தான். ஸ்டுடியோ ஊழியர்களின் ஒருநாள் ஊதியம் எதிர்வேட்பாளர் ஃபிராங்க் மெரியமின் நிதிக்குப் பிடிக்கப்பட்டது. மாநிலத்துக்குள் வந்து குவியும் நாடோடிகள் என்று நாளிதழில் வெளியான படம், உண்மையில் ஒரு திரைப்படத்தின் காட்சி. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் நாள்தோறும் சிங்க்ளேருடைய எழுத்திலிருந்து சில வரிகளைக் கட்டம்கட்டி வெளியிட்டது. நாவலில் ஒரு கதாபாத்திரம் திருமணத்தைப் பழித்துப் பேசிய வரிகள்கூட வேட்பாளரின் கொள்கையாக வாசகர் முன் வைக்கப்பட்டன.

ஆனால் நாடோடிகள் பற்றிய அந்தப் புளுகு எங்கிருந்து முளைத்தது? தாம் வென்றால் நாட்டின் வேலையற்றோரில் பாதிப்பேர் சரக்கு ரயிலேறிக் கலிஃபோர்னியாவுக்கு வந்துவிடுவார்கள் என்று செய்தியாளர்களிடம் விளையாட்டாகச் சொன்னவர் சிங்க்ளேரேதான். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அதுதான். கையில் இருக்கும் ஒரே வேலையும் போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த ஒருவருக்கு அது எப்படி வேடிக்கையாக இருந்திருக்கும்? ஏழைகளுக்காகப் பேசிய அவர், ஏழ்மையின் விளிம்பில் நின்றவர்களின் அச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் குறை.

மெரியமுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 11.4 லட்சம் வாக்குகள், சிங்க்ளேருக்கு 8.8 லட்சம், மூன்றாவதாக நின்ற ரேமண்ட் ஹெய்ட் பிரித்துக்கொண்டவை மட்டும் மூன்று லட்சம். பரப்புரைக்கு முன்பே, தாம் ஆளுநராகி வறுமையை ஒழித்து முடித்துவிட்டதாகச் சிங்க்ளேர் ஒரு சிறுநூலை எழுதி விற்றிருந்தார். தோற்ற கையோடு, தாம் தோற்ற கதையையும் எழுதி நாளிதழ்களுக்குத் தொடராகக் கொடுத்துவிட்டார்.