அந்தக் கருப்பு உருண்டைக்குப் பேரு உளுந்தங்களி

வெள்ளிக்கிழமை நான் போட்ட டப்பா போட்டோவைப் பாத்துட்டு நிறைய பேர் இன்பாக்ஸ்ல வந்து ஆறுதல் சொன்னீங்க. நன்றி. 'இதுக்குப் போயா இவ்வளவு கோவம்'னும் சிலர் கேட்டிருந்தீங்க. ஆமா, கோவந்தான். மூணு நாளாச்சு, இன்னும் ஆறல.

ஆரோக்கியமான காலை உணவை வீட்டுல இருந்து கொண்டு வாங்கன்னு சொன்னது பள்ளிக்கூடம். எம்மவ கொண்டு போனது உளுந்தங்களி. பரிசு வாங்கினது பால்ல மிதந்த சாக்லேட் சீரியல், மேல நாலு ஸ்ட்ராபெரி. பரிசு வாங்கின பிள்ளை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அதுவும் நம்ம பிள்ளைதான். ஆனா அன்னைக்கு அதைப் பத்திப் பேச வந்த மேடம் எம்மவ டப்பாவைத் திறந்து, 'என்ன இது இவ்வளவு கருப்பா இருக்கு, இதெல்லாம் செரிக்குமா'ன்னு கேட்டிருக்காங்க. கிளாஸே சிரிச்சிருக்கு. வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு சீரியல் பாக்கெட் வேற.

கமெண்ட்ல சொன்னதையே திரும்பச் சொல்றேன். சாக்லேட் சீரியல் ஒரு தின்பண்டம். ஆசைக்கு என்னைக்காவது தின்னுட்டுப் போகட்டும். காலைச் சாப்பாடுன்னு அதுக்குப் பேர் வைக்காதீங்க.

நான் படிச்சுட்டு வந்து பேசல. ரெண்டு வருஷம் நானே குடுத்திருக்கேன். எட்டு இருபது பஸ்ஸைப் பிடிச்சாத்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒம்போது மணிக்குக் கடைக் கணக்கைத் திறக்க முடியும். பெட்டி மேல 'இரும்புச் சத்து'ன்னு இருந்ததை நம்பினேன். பத்தரை மணியானா வயித்தை வலிக்கிதுன்னு அழுறான்னு டீச்சர் போன் பண்ணுவாங்க. ரெண்டு தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ரெண்டாவது தடவை அவரு மருந்து எழுதல. "காலையில என்ன சாப்பிடுதா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அன்னைக்கு ராத்திரிதான் பெட்டியைத் திருப்பிப் பாத்தேன். 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை. ஒரு வேளைக்கு 30 கிராம்னு போட்டிருந்தது. தராசுல 30 கிராம் நிறுத்துப் போட்டா கிண்ணத்தோட அடியைக்கூட மூடல. அவ வழக்கமா சாப்பிடுற அளவை நிறுத்தேன், 65. அப்போ 20 கிராமுக்கு மேல சர்க்கரை, டீஸ்பூன் கணக்குல அஞ்சு. எம்பிள்ளைக்கு யாராவது பால்ல அஞ்சு ஸ்பூன் சீனி போட்டுக் குடுத்தா நான் சும்மா இருப்பேனா? உலக சுகாதார நிறுவனம் 2015-ல என்ன சொல்லிச்சுன்னா, இப்படிச் சேக்குற சர்க்கரை ஒரு நாள் கலோரியில 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். 1500 கலோரி வேணும்கிற பிள்ளைக்கு அது 37 கிராம். அதுல பாதிக்கு மேல எட்டு மணிக்கே உள்ள போயாச்சு. எந்தப் பொருள் எடை கூடவோ அதைத்தான் லேபிள்ல முதல்ல எழுதணும்கிறது சட்டம். அந்தப் பெட்டியில ரெண்டாவது பேரே சர்க்கரை.

'சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் குடுக்கலாமே'ங்கிறீங்க. சர்க்கரை குறைவுதான், நார்ச்சத்தும் குறைவு. சாப்பாடு எவ்வளவு வேகமா ரத்தத்துல சர்க்கரையை ஏத்துதுன்னு 100-க்கு அளக்குற கிளைசிமிக் இண்டெக்ஸ் அதுக்கு 80 பக்கம். சட்டுனு ரத்தத்துல ஏறும், சட்டுனு இறங்கும். 'இட்லி மட்டும் ஒழுங்கா'ன்னு ஒரு தம்பி. இட்லியும் அரிசிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அதுல உளுந்து இருக்கு, சாம்பார்ல பருப்பு இருக்கு. முழு ஓட்ஸ் நல்லது, அதைப் பத்தி நான் பேசவே இல்ல. 'விட்டமின் சேத்திருக்காங்களே'ன்னா, சேத்திருக்காங்க. மாத்திரையைப் பொடிச்சு மிட்டாய் மேல தூவினா மிட்டாய் மருந்தாயிருமா?

'கருப்பட்டியும் சர்க்கரைதானே'ன்னு கேட்ட அக்காவுக்கு. தெரியும்க்கா. களியில கருப்பட்டி எவ்வளவு போடணும்கிறது என் கையில இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கறது யார் கையில இருக்கு? வேற யார் கேட்டாலும் பரவாயில்ல, நம்ம பக்கத்துக் களக்காட்டுக்காரங்க நீங்க கேக்கலாமா?

இந்த ஃப்ளேக்ஸ் வந்த கதையைப் பாருங்க. 1894-ல அமெரிக்காவுல பேட்டில் கிரீக்ங்கிற ஊர்ல, ஜான் ஹார்வி கெல்லாக்னு ஒரு டாக்டர் தன்கிட்ட தங்கியிருந்த நோயாளிகளுக்காகச் செஞ்சது. சர்க்கரையே ஆகாதுங்கிறவர் அவர். அவரு கூடப்பொறந்த தம்பி சர்க்கரை சேக்கணும்னாரு, அதுலயும் ரெண்டு பேருக்கும் ஆகாமப் போச்சு. 1906-ல தம்பிதான் தனியா கம்பெனி ஆரம்பிச்சாரு. அன்னைக்கு எம்மவ கையில பாக்கெட்டாத் திணிச்சது தம்பி வழியில வந்தது.

நான் பெரிய மனுஷி ஆனப்போ எங்க ஆச்சி பதினாறு நாளும் களி கிண்டிக் குடுத்தா. தோலோட உளுந்தை வாசம் வர வறுத்து, ஒரு கை பச்சரிசி சேத்துத் திரிச்ச மாவு. உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, மண்ணு போக வடிகட்டி, அந்தப் பாகுல மாவைத் தூவித் தூவிக் கிண்டணும். நல்லெண்ணெய் விட விடச் சட்டியை விட்டு எழும்பும். ஈரக் கையால தொட்டா ஒட்டக் கூடாது, அதுதான் பதம். உருட்டி, நடுவுல கட்டை விரலால குழிச்சு, அதுல எண்ணெய் ஊத்தி, "ஏட்டி, இடுப்புக்குப் பெலம், தின்னு"ன்னு வாயில வைப்பா. 100 கிராம் உளுந்துல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்குன்னு ஆச்சிக்குத் தெரியாது. எழுபத்தெட்டு வயசு வரைக்கும் குனிஞ்சு வாசல் தெளிச்சா.

'நேரம் எங்க இருக்கு'ங்கிற கேள்விக்கு மட்டும் நான் கோவப்பட மாட்டேன். அது எனக்கும் உள்ள கஷ்டம். மாவை மாசத்துக்கு ஒரு தடவை மில்லுல திரிச்சு வச்சிட்டா காலையில கால் மணி நேரம். ஆனா இந்த நேரக் கணக்கை எல்லாரும் எங்கிட்டதானே கேக்குறீங்க, வீட்டுல இன்னொரு ஆள் இருக்காரே, அவர்கிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா?

2022 செப்டம்பர் 15-ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டத்துல அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுடச்சுட பொங்கலும் கிச்சடியும் சாம்பாரும் சாப்பிடுதாங்க. நான் நகையை அடகு வச்சு ஃபீஸ் கட்டுற பள்ளிக்கூடத்துல எம்மவளுக்குக் கிடைச்சது ஒரு பாக்கெட்டும் ஒரு சிரிப்பும்.

இன்னைக்குக் காலையில டப்பா கட்டும்போது, "எம்மா, கருப்பா எதுவும் வைக்காத, பிரெட் வை"ன்னா. எங்க ஆச்சி நிறத்துல பொறந்த பிள்ளை. எனக்குக் கை ஓடல. பிரெட்தான் வச்சேன்.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். பத்து உருண்டை உருட்டி எடுத்துட்டுப் போறேன். டீச்சர் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுட்டு, எம்மவ முன்னாடி அதோட பேரைச் சொல்லட்டும்.