38 கோல் ஓப்பரின் மொத்தக் கணக்கு அல்ல

‘எஸ்தோனியாவின் கால்பந்து வீரர் ஆந்த்ரெஸ் ஓப்பர் வாழ்நாளில் அடித்ததே 38 கோல்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு, நண்பரே. அந்த 38 தேசிய அணிக்காக மட்டும் அடித்தவை: 1995 முதல் 2014 வரை 134 ஆட்டங்கள். எஸ்தோனிய அணிக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான்; இன்னொரு எஸ்தோனிய வீரரான செலின்ஸ்கி அடித்தது 27. டாலினின் ஃப்ளோரா, டென்மார்க்கின் ஆல்போர்க், டார்பெடோ மாஸ்கோ, நெதர்லாந்தின் ரோடா போன்ற கிளப்களுக்கு அடித்தவை தனிக் கணக்கு. விக்கிப்பீடியா கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியில் கிளப் வரிசை லீக் ஆட்டங்களை மட்டுமே காட்டும். கோப்பைப் போட்டி, ஐரோப்பியப் போட்டி கோல்கள் அதில் வராது. அதற்குக் கீழே உள்ள தேசிய அணி வரியை மட்டும் படித்தால் இப்படித்தான் பிசகும்.

134 ஆட்டத்தில் 38 கோல், அதாவது ஆட்டத்துக்கு 0.28 என்ற சராசரியும் அவரைக் குறைத்தே காட்டுகிறது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மாற்று வீரராக இறங்கினாலும் அது முழு ஆட்டமாகவே எண்ணப்படும். பெரும்பாலும் தற்காத்தே ஆடிய ஒரு சிறு நாட்டு அணிக்கு 38 கோல் மிகப் பெரிய உழைப்பு.