ரேம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமாம்!

மூன்றரை மணி நேரம். கம்பைல் ஆகாமல் ஒரே ஒரு நிரல் கோப்பு. பிழை என்று ஒரு வரி, எச்சரிக்கை என்று ஒரு சொல், எதையாவது சொல்லித் தொலைத்தால் என்ன? வேலூர் சத்துவாச்சாரியில் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேசைமேல் கணினியின் விசிறி நெல் மில்லைப்போல அலறுகிறது. நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றித்தரும் ஜி.சி.சி. கம்பைலர் மட்டும் வாய் திறக்கவில்லை. தண்ணீரில்லாத ஆறு என்று கேலி செய்யப்படும் எங்கள் பாலாறுகூட 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது. இது அதைவிட மோசம்.

"ரேம் போதவில்லை, வாங்கிப் போடுங்கள்" என்றார் மேலாளர். போட்டோம். அதையும் விழுங்கிவிட்டு அதே மௌனம்.

அந்தக் கோப்பை மனிதன் எழுதவில்லை. எக்செல் பட்டியலைத் தின்று சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் கக்கும் பைத்தான் நிரல் ஒன்று எழுதியது. 80,000 வரி, அத்தனையும் ஒரே ஃபங்ஷனுக்குள், அதாவது பிரிக்காத ஒரே நிரல் துண்டுக்குள்! அந்த நிரலைப் படைத்த புண்ணியவான் போன வருடமே காட்பாடியில் பெங்களூரு ரயில் ஏறிவிட்டார்.

நிரலை வேகமாக ஓடும்படி செதுக்கும் ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் முடிகிறது. ஓ2 என்று கொடுத்து அதை முடுக்கினால் படுத்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் நேரம் போகிறது என்று காட்ட 'டைம் ரிப்போர்ட்' என்றொரு வசதி உண்டு. அந்த அறிக்கை எப்போது வரும் தெரியுமா? கம்பைல் முடிந்த பிறகு! நோயாளி குணமான பிறகுதான் நாடி பிடிப்பேன் என்கிற வைத்தியன். முடிந்துவிட்டால் நான் ஏனய்யா உன்னைக் கேட்கப்போகிறேன்?

கடைசியில் கோப்பை வெட்டிப் பார்த்தேன். 2,500 வரிக்கு 11 விநாடி. 5,000 வரிக்கு 45. 10,000 வரிக்கு மூன்று நிமிடம். வரி இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஆக, கம்பைலர் உறைந்து நிற்கவே இல்லை, மாடாக உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு வரியும் தற்காலிக ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) ஒன்றை உண்டாக்கி, மேப் என்கிற தேடல் அட்டவணையில் செருகுகிறது. ஓடும்போது நடுவில் எக்செப்ஷன் என்கிற பிழை வந்தால் அந்த ஸ்டிரிங்கைத் துடைக்கத் தனிப் பாதை வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான கிளைகள் ஒரே ஃபங்ஷனில் பின்னிக்கிடந்தால் எந்தக் கம்பைலர்தான் என்ன செய்யும்? சரி, பாவம்தான். "ஐயா, இந்த ஃபங்ஷன் பெரிது" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே!

பைத்தான் நிரலில் இருபது வரி மாற்றினேன். மேப்பைத் தூக்கிவிட்டு, வரிசைப்படுத்திய கான்ஸ்ட் அரே, அதாவது மாறாத பட்டியல் ஒன்றை எழுதவைத்தேன். தேடலுக்கு, பட்டியலைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போகும் பைனரி சர்ச். இரண்டு விநாடியில் கம்பைல் ஆனது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் தோளில் தட்டினார்: "பார்த்தீர்களா? ரேம் போட்டதும் எப்படிப் பறக்கிறது!"